சொல்லாமல் மாறிய பாட்டுச் சேனல்: உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

2 மார்ச், இரவு 9.50

ஒரே ஒரு கேள்வி. உங்கள் டிடிஎச்-சில் பாட்டுச் சேனல் சொல்லாமல் கொள்ளாமல் மாறியிருக்கிறதா, இல்லை எங்கள் வீட்டில் மட்டும்தானா?

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். 22 வருஷமாக மெஷினும் பாட்டும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. எங்கள் டிடிஎச்-சில் (கம்பெனி பெயர் வேண்டாம்) பழைய தமிழ்ப் பாட்டுக்கென்றே ஒரு ஆடியோ சேனல் இருந்தது. படம் ஓடாது, திரையில் ஒரு பூ மட்டும் நிற்கும். விளம்பரம் இல்லை, பேச்சு இல்லை. ஏ.எம். ராஜா, ஜிக்கி, பி. லீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ் என்று காலையிலிருந்து இரவு வரை போய்க்கொண்டே இருக்கும். நேற்று முன்தினம் காலையில் போட்டால் அதே எண்ணில் வேறு என்னென்னவோ வருகிறது. எண் மாறியிருக்குமோ என்று முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை. சேனலின் பெயர்கூட மாறவில்லை, அதே "பழைய பாடல்கள்"தான். உள்ளே இருப்பது 2000க்குப் பிறகு வந்த பாட்டுகள்.

யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு 10.15

"டிவியை நாள் முழுக்க ஓட விடுகிறீர்களா, கரண்ட் பில் என்ன ஆகும்" என்று கேட்டவருக்கு: டிவி ஓடாது. செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு துளை இருக்கும். அதிலிருந்து ஒயர் எடுத்து ஆம்பிளிஃபயரில் கொடுத்திருக்கிறேன். சேனலைப் பிடிக்கும்வரை டிவி, பிடித்த பிறகு டிவியை அணைத்துவிடலாம். பாட்டு மட்டும் வரும்.

3 மார்ச், மதியம் 2.30

கஸ்டமர் கேரில் பேசியாயிற்று. 40 நிமிஷம் காத்திருந்ததில் ஒரு பிளவுஸுக்கு கொக்கி கட்டி முடித்துவிட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சேனல் அப்கிரேடு ஆகியிருக்கு மேடம்" என்றாள். பழைய சேனல் எங்கே போயிற்று என்றேன். "அதே சேனல்தான் மேடம், கன்டென்ட் மட்டும் ரெஃப்ரெஷ் பண்ணியிருக்காங்க." யார் செய்தார்கள், யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்றேன். "உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிறேன் மேடம்." அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கும் நமக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

என் வயிற்றெரிச்சல் இதுதான். மாதாமாதம் காசு கட்டுகிறேன். ஒரு நாள் முன்னால் திரையில் ஒரு வரி போட்டிருக்கலாம். பால் ஊற்றுகிறவர்கூட "நாளைலேர்ந்து வர மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தானே போகிறார்.

4 மார்ச், இரவு 11.05

"அக்கா, போனில் ஆப் இருக்கே, வேண்டிய பாட்டை வரிசையாப் போட்டுக் கேளுங்க, யார் தயவும் வேண்டாம்" என்று எழுதிய தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி, நீங்கள் சொன்னதை நான் செய்யாமல் இல்லை. போன வருஷம் என் மகள் போனில் 200 பாட்டு சேர்த்துக் கொடுத்தாள். எல்லாம் எனக்குப் பிடித்த பாட்டுதான். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு காது மூடிக்கொள்கிறது. பாட்டு ஓடுகிறது, நான் கேட்கவில்லை.

அந்தச் சேனலில் அப்படி இல்லை. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியாது. 30 வருஷமாகக் கேட்காத ஒன்று திடீரென்று வரும். நான் சின்னப் பெண்ணாக மடத்துத் தெருவில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது அப்படியே முன்னால் வந்து நிற்கும். அந்தப் பாட்டை எனக்குப் பிடிக்கும் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்தால்தானே 200இல் சேர்ப்பேன்?

இன்னொன்று, கை. நான் வேலை செய்யும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும், கால் பெடலில் இருக்கும். கழுத்து வளைவில் பைப்பிங் வைத்துத் திருப்பும்போது ஒரு விநாடி கை எடுத்தால் கோணல் விழும். போனைத் தொட்டுப் பாட்டு மாற்ற எனக்குக் கை கிடையாது. யாரோ ஒருவர் எனக்காகத் தேர்ந்து வரிசை வைத்திருக்க வேண்டும். அந்த "யாரோ ஒருவர்"தான் எனக்கு வேண்டும். பாட்டு எங்கேயும் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும்.

அந்தச் சேனலுக்குப் பின்னால் நிச்சயம் ஒரு மனுஷர் இருந்தார். பேசியதே இல்லை, பெயரும் தெரியாது. ஆனால் காலை 10 மணிக்குமேல் டூயட்டுகளாக வரும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வேகம் குறையும். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் ஒன்றிரண்டு பக்திப் பாட்டு, பிறகு சோகப் பாட்டு ஒன்றோடு நிறுத்தாமல் உடனே ஒரு சந்திரபாபு. அது மெஷின் செய்த வரிசை இல்லை. அழவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்த ஒருவர் செய்த வரிசை.

6 மார்ச், இரவு 10.30

நண்பர் ஒருவர் "செயற்கைக்கோள் ரேடியோ என்றால் வேர்ல்டுஸ்பேஸ்தான், மற்றதெல்லாம் டிவியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்ததும் தைக்க உட்கார்ந்தவள் எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது. 2006இல் அப்பாவுக்காக வாங்கினோம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தம் வந்து பார்வை பாதியாகிவிட்டது. பேப்பர் படிக்க முடியாது. காது மட்டும் நன்றாக இருந்தது.

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990இல் தொடங்கிய கம்பெனி. ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிஸ்டார் என்று ஒரு செயற்கைக்கோளை 1998இல் அனுப்பினார்கள். நமக்கான ஆசியாஸ்டார் 2000 மார்ச்சில் போனது. ஏ.ஆர். ரஹ்மான்தான் இங்கே அதன் முகம். சந்தா கட்டினால் தமிழுக்கு கேஎல் ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி, ஹிந்துஸ்தானிக்கு காந்தர்வ், பழைய ஹிந்திக்கு ஃபரிஷ்தா, தெலுங்குக்கு ஸ்பந்தனா, கன்னடத்துக்கு ஸ்பர்ஷா என்று அடுக்காக வரும். அப்பாவுக்கு ஸ்ருதி. எனக்கு கேஎல். எந்நேரமும் அப்பா கைதான் ஓங்கும்.

ஆண்டெனா ஒரு சின்னச் சதுரத் தட்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. கிழக்கு ஜன்னலில் வைத்து, கொஞ்சம் தெற்கே திருப்பி, வானத்தைப் பார்த்து நிமிர்த்த வேண்டும். கூட்டும்போது யாராவது தட்டிவிட்டால் சிக்னல் போய்விடும். அப்பா என் மார்க்கிங் சாக்கை வாங்கி, ஜன்னல் திண்டில் ஆண்டெனாவைச் சுற்றி நாலு பக்கமும் நீலக் கோடு போட்டுவைத்தார். பார்வை சரியில்லாததால் கோடு தடிமனாக, இரண்டு மூன்று தடவை இழுத்ததாக இருக்கும். அழிய அழிய மறுபடி போடுவார். பேரப் பிள்ளைகள் "கோட்டுக்குள்ள வை, கோட்டுக்குள்ள வை" என்று கத்துவார்கள்.

காலையில் ரிசீவரைப் போட்டதும் ஆலாபனை நடுவில் பிடிபடும். பெயர் சொல்வதற்குள் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்கும் எனக்கும் ஒரு பந்தயம். நான் தோடியையும் பைரவியையும் மட்டும் கண்டுபிடிப்பேன். அவர் ஒரு பிடியில் சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்த ராகமெல்லாம் அந்த ஜன்னலில் கற்றதுதான்.

2008 அக்டோபரில் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டது. இந்தியாவில் 2009 டிசம்பர் 31-ஓடு நிறுத்தினார்கள். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியாவில்தான் இருந்தார்கள், இருந்தும் தாங்கவில்லை. ஜனவரி 1 காலை அப்பா வழக்கம்போல் சுவிட்சைப் போட்டார். முதல் நாளே சொல்லியிருந்தோம், அவருக்கும் தெரியும். இருந்தாலும் போட்டார். ஆண்டெனாவைத் தொட்டுப் பார்த்தார், கோட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று. பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, "காபி போடும்மா" என்றார்.

ஒரே வருத்தம், மழை வந்தால் பாட்டு நின்றுவிடும். மற்றபடி அந்த மூன்றரை வருஷம் எங்கள் வீட்டில் சத்தமே அழகாக இருந்தது.

7 மார்ச், காலை 7.10

திருத்தம். நேற்று இரவு "மழை வந்தால் நின்றுவிடும்" என்று எழுதியது தவறு.

ரேடியோ ரிப்பேர் தெரிந்த ஒரு பெரியவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். டிடிஎச் வருவது கேயூ பேண்டு என்கிற அலைவரிசையில், 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அதை மழைத்துளி விழுங்கிவிடும். வேர்ல்டுஸ்பேஸ் வந்தது எல் பேண்டில், 1.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மழை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் குறுக்கே மரம் நின்றால் ஆகாது, ஈர இலை என்றால் இன்னும் மோசம் என்கிறார். யோசித்துப் பார்த்தேன், சரிதான். அடுத்த வீட்டு முருங்கை எங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. மழை பெய்தால் கிளை நனைந்து கனத்து இன்னும் தாழும். அப்பா அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டு, 2007 ஆடியில் அவர்கள் கிளையை வெட்டினார்கள். அந்த ஐப்பசி மழையில் பாட்டு நின்ற ஞாபகமே இல்லை. இத்தனை வருஷமாக மழையைத் திட்டியிருக்கிறேன்.

(வெட்டிய முருங்கைக்கீரை ஒரு வாரம் இரண்டு வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது.)

9 மார்ச், இரவு 9.20

சும்மா புலம்பாமல் ஒரு வேலை செய்தேன். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நேற்று காலை 10 முதல் மாலை 6 வரை அந்தப் புதுச் சேனலில் வந்த பாட்டுகளைக் குறித்தேன். ஒரு பாட்டு நாலு தடவை. மூன்று தடவை வந்தவை ஐந்து. சரணம் முடியுமுன் வெட்டி அடுத்ததுக்குப் போனது இரண்டு இடத்தில். பழைய சேனலில் ஒரு வாரத்துக்குள் ஒரு பாட்டு திரும்பி வந்தால் "அட, இது போன புதன்கிழமை வந்துச்சே" என்று சொல்லுவேன்.

எனக்குப் புதுப் பாட்டு ஆகாது என்று இங்கே ஒருவர் முடிவு கட்டிவிட்டார். அப்படி இல்லை. 2000க்குப் பிறகு வந்ததிலும் நான் வாயோடு சேர்த்துப் பாடுகிற பாட்டு நிறைய உண்டு. ஒரே கூடையில் 30 பாட்டை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இறைப்பதுதான் பிடிக்கவில்லை.

12 மார்ச், இரவு 11.40

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு "அக்கா, இங்க இது பெரிய கதை" என்றான். அவன் சொன்னதையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் செயற்கைக்கோள் ரேடியோ முக்கியமாகக் காருக்கு. 1997இல் இரண்டே கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், ஒன்றோடொன்று சேரக்கூடாது என்ற நிபந்தனையோடு. எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் ஆரம்பித்தது, சிரியஸ் 2002இல். எக்ஸ்எம்மின் முதல் இரண்டு செயற்கைக்கோளுக்கு "ராக்", "ரோல்" என்று பெயர். கடைசியில் நிபந்தனையைத் தளர்த்தி, 2008 ஜூலையில் இரண்டும் ஒன்றாயின. அந்த வருஷம் நவம்பர் 12 அன்று சேனல் வரிசைகளையும் ஒன்றாக்கினார்கள். ஒரே வகைப் பாட்டுக்கு இவர்களிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று என்று இருந்த இடத்தில் பலவற்றில் ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைக்குக் காலையில் காரைக் கிளப்பியவர்களில் எத்தனை பேர் என்னை மாதிரி எண்ணை முன்னும் பின்னும் தள்ளியிருப்பார்கள்! அவர்கள் சண்டை போட்டு எழுதியதையெல்லாம் இன்னும் படிக்கலாம். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆனாலும் அந்தக் கோபம் உடனே புரிந்தது.

இன்னொன்றும் சொன்னான். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் பாட்டுக்காகச் சில சேனல்கள் ஒதுங்கி இடம்விடுமாம், பண்டிகை முடிந்ததும் திரும்பி வந்துவிடுமாம். அது எனக்குச் சரியாகப் படுகிறது. மார்கழியில் திருப்பாவைக்காக ஒரு சேனல் ஒதுங்கினால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? எப்போது போகும், எப்போது வரும் என்று தெரிகிறதல்லவா.

ஏன் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றை வைக்க முடிகிறது என்பதும் இப்போது விளங்குகிறது. வானத்திலிருந்து கொட்டுகிற அலைக்கு ஒரு அகலம்தான். அமெரிக்காவில் அந்தக் கம்பெனிகளுக்கு ஆளுக்கு 12.5 மெகாஹெர்ட்ஸ். வேர்ல்டுஸ்பேஸில் விநாடிக்கு 16 கிலோபிட் என்ற துண்டுகளாக வெட்டி, பேச்சுக்கு ஒரு துண்டு, நல்ல இசைக்கு நாலு துண்டு, இன்னும் நன்றாக வேண்டுமென்றால் எட்டுத் துண்டு என்று சேர்த்துக்கொள்வார்களாம். எனக்கு இது கை வேலை மாதிரி உடனே புரிந்துவிட்டது. ஒரு மீட்டர் பிட்டில் ஒரு பிளவுஸ் தாராளமாக வரும், உள்ளே பிரிக்கத் துணிகூட விடலாம். அதிலேயே இரண்டு வெட்டு என்றால் வெட்டலாம். இரண்டுமே இறுக்கிப் பிடிக்கும், ஒன்றிலும் கை தூக்க முடியாது. சேனல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் வயலின் தகரமாகக் கேட்பது அதனால்தான்.

உரிமைத்தொகை இன்னொரு காரணம். பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும், வெறும் பேச்சுக்கு அந்தக் காசு இல்லை. அங்கே சட்டத்திலேயே ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்காமல் பொது உரிமத்தில் ஓடும் சேனலில் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்குமேல் போடக்கூடாது, ஒரே பாடகரென்றால் நாலுக்குமேல் கூடாது. நம் வீட்டில் ஒரே பாடகரை விடிய விடியக் கேட்ட ஆட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

13 மார்ச், காலை 6.30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பி போன் பண்ணினான். "நீ கம்பெனிக்காரன் பக்கம் பேசுற மாதிரி இருக்கு" என்கிறான். இல்லை. இடம் குறைவு என்பது காரணம், ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் செய்ததற்கு இடம் குறைவு காரணம் ஆகாது.

15 மார்ச், இரவு 10.10

இன்று ஒன்று நடந்தது, எழுதித்தான் ஆக வேண்டும்.

காலேஜ் படிக்கும் ஒரு பெண், அவள் அக்கா கல்யாணத்துக்கு பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்தாள். நான் அந்தப் புதுச் சேனலைத்தான் ஓட விட்டிருந்தேன், வெறும் மெஷின் சத்தத்தில் உட்கார முடியவில்லை என்று. அந்தப் பெண் கைக்குழியைச் சரிபார்த்துக்கொண்டே ஒரு பாட்டுக்கு நின்றுவிட்டாள். "அக்கா, இது நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது அப்பா பைக்ல முன்னாடி உக்காத்தி வச்சுப் பாடுவாரு" என்றாள். அவளுடைய அப்பா இப்போது இல்லை. எனக்குத் தெரியும்.

2 மார்ச்சில் நான் "2000க்குப் பிறகு வந்த பாட்டுகள்" என்று எழுதியபோது என் தொனி எப்படி இருந்தது என்று திரும்பப் போய்ப் படித்தேன். அந்தப் பெண்ணுக்கு அது பழைய பாட்டுதான். எனக்கு ஜிக்கி எப்படியோ அவளுக்கு அது அப்படி. "பழைய" என்ற சொல்லுக்கு நான் மட்டும் சொந்தக்காரி இல்லை.

அதனால் என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அவளுக்கும் ஒரு சேனல் இருக்கட்டும், எனக்கும் ஒன்று இருக்கட்டும். என்னுடையதை எடுத்து அதற்கு அவளுடைய பாட்டைப் போட்டு, என் பெயரையே அதன்மேல் ஒட்டிவைத்ததுதான் வலிக்கிறது. அவளுக்கும் அந்தச் சேனல் சரியாகக் கிடைக்கவில்லை, கவனியுங்கள். அந்தப் பாட்டை அவள் மறுபடி கேட்க வேண்டுமென்றால் அது 30இல் ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வரவே வராது.

17 மார்ச், இரவு 9.00

"கேட்கிறவன் கோபப்பட்டு என்ன மாறிவிடப்போகிறது" என்று மேலே ஒருவர் சலித்துக்கொண்டிருக்கிறார். மாறியிருக்கிறது ஐயா. அப்பா சொல்லிக் கேட்ட கதை இது, தேதிகளைப் பிறகு நானே சரிபார்த்தேன்.

1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தார். சினிமாப் பாட்டு தரக்குறைவு, சாஸ்திரிய சங்கீதம்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கிப்போனது. ஜனங்கள் கொடி பிடிக்கவில்லை. ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். சிற்றலையில் இலங்கை வானொலி இருந்தது. நாடு முழுக்க ஹிந்திப் பாட்டுக்கும் அதைத்தான் கேட்டார்கள், நம் பக்கம் தமிழுக்கும் அதைத்தான். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவிதபாரதி ஆரம்பித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஐந்து வருஷம் ஆயிற்று, ஆனால் ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், கர்நாடக சங்கீதத்தில் உயிரையே வைத்திருந்த அப்பாவுக்கு கேஸ்கர்மேல் கோபம். "நல்லதைக் குடு, வேண்டாங்கலை. அடுத்தவன் தட்டுல இருக்கறதை ஏன் எடுக்கறே?" என்பார்.

எங்கள் தலைமுறைக்கு இலங்கை வானொலி என்றால் காலையில் பொங்கும் பூம்புனல். மயில்வாகனன் குரலை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நான் நேரே கேட்டவர்கள். அலை ஏறி இறங்கும், நடுவில் இரைச்சல் வரும், காதை ரேடியோவில் ஒட்டிவைத்துக் கேட்போம். கல்யாண வீட்டில் பாட்டுக்குப் பாட்டு விளையாடும்போது எல்லோருக்கும் ஹமீது மாதிரி பேச வேண்டும். அந்த நிகழ்ச்சியெல்லாம் எந்த நேரத்தில் என்று கடிகாரம் பார்க்காமலே தெரியும். அரிசி களைவது, பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னுவது எல்லாம் அந்தக் குரல்களை ஒட்டித்தான். ஒரு சேனல் போனால் ஒரு கடிகாரம் போன மாதிரி இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

21 மார்ச், இரவு 10.45

ஒரு நல்ல சேதி. அந்த ரேடியோ ரிப்பேர் பெரியவர் சொன்ன யோசனைப்படி, மாடியில் சும்மா கிடந்த பழைய தட்டை டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குத் திருப்பிவைத்தோம். மாதச் சந்தா கிடையாது, பெட்டி வாங்குகிற செலவு மட்டும். ஜிசாட்-15 செயற்கைக்கோள், எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கே நல்ல உயரத்தில். என் மகன் மாடியில் தட்டைத் திருப்ப, நான் கீழே சிக்னல் கோட்டைப் பார்த்து "வந்துச்சு, போச்சு, வந்துச்சு" என்று கத்த, முக்கால் மணி நேரம். அதில் அகில இந்திய வானொலியின் சேனல்கள் ஏகப்பட்டது வருகின்றன. ராகம் என்று ஒன்று, 2016 ஜனவரி 26 அன்று ஆரம்பித்ததாம், பெங்களூரிலிருந்து, 24 மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம். கர்நாடகமும் ஹிந்துஸ்தானியும் மாறி மாறி.

முதலில் பிடித்தபோது நாகஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் நின்று கேட்டேன். கல்யாணி என்று நினைத்தேன். பிறகு பெயர் சொன்னார்கள், வாசஸ்பதி. அப்பா இருந்திருந்தால் ஒரு பிடியில் சொல்லியிருப்பார்.

அறிவிப்பாளர் பெயர் சொல்லி, தாளம் சொல்லி, பக்கவாத்தியம் யார் என்று சொல்லி முடிக்கிறார். அவசரமே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு அதைக்கூடக் கேட்கலாம் போல் இருக்கிறது.

பழைய சினிமாப் பாட்டுக்கு இது பதில் ஆகாது, அது வேறு பசி. ஜிக்கி இன்னும் திரும்பவில்லை.

22 மார்ச், மதியம் 1.15

மழை வந்தால் ஃப்ரீ டிஷ் நின்றுபோகுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், நின்றுபோகும். கேயூ பேண்டு. இந்தத் தடவை மழையைத் திட்டலாம்.

26 மார்ச், இரவு 8.40

டிடிஎச் கம்பெனிக்கு எழுத்தில் ஒரு கடிதம் போட்டேன், பதிவுத் தபாலில். கோபமாக எழுதவில்லை. மூன்றே விஷயம் கேட்டிருக்கிறேன். சேனலை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால் திரையில் தெரிவியுங்கள். உள்ளே இருப்பதை மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள். 1950, 60 வருஷத்துப் பாட்டுக்கு ஒரு சின்ன இடம் கொடுங்கள், தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாட்டெல்லாம் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். நோட்டுப் பக்கத்தின் நகலையும் வைத்தேன்.

கூடவே, அந்தப் பழைய வரிசையைச் செய்தவர் இன்னும் அங்கே வேலையில் இருந்தால் அவரிடம் இதைக் கொடுங்கள் என்று தனியாக ஒரு தாள் எழுதினேன். சோகப் பாட்டுக்கு அடுத்துச் சந்திரபாபு போட்டதற்கு நன்றி என்று.

இங்கே இன்னும் ஏழு பேர் தங்கள் வீட்டிலும் மாறியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். ஒரு தாள், ஒரு கவர்தானே.

4 ஏப்ரல், இரவு 11.20

கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஆம்பிளிஃபயருக்கு ஒயர் எப்படிக் கொடுப்பது என்று திருச்சியிலிருந்து கேட்ட அண்ணனுக்கு: சிவப்பு, வெள்ளை ஒயர் இரண்டையும் பாக்ஸில் ஆடியோ அவுட் என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள். மஞ்சள் வேண்டாம், அது படத்துக்கு. ஆம்பிளிஃபயரில் ஒற்றை ஸ்பீக்கர்தான் என்றால் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் சில பழைய பாட்டில் ஒரு வாத்தியம் விட்டுப்போகும், இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். புதுப் பாக்ஸ் சிலவற்றில் மூன்றும் ஒரே துளையில் வரும். அதற்கென்று தனி ஒயர் கடையில் கிடைக்கிறது, பாக்ஸைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். ராகம் பிடித்ததும் டிவியை அணைத்துவிடுங்கள். நாளைக்கு எனக்கு 11 பிளவுஸ் கொடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் எழுதிவையுங்கள், ராத்திரி பார்க்கிறேன்.